திகதி இல்லாதவர்களுக்கு ஒரு நாள்

எனக்கு வாய் கொஞ்சம் கூட. அந்த வீட்டில் முதல் நாளே நான் பிழை விட்டதற்கும் அதுதான் காரணம்.

லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில், ஒரு கோழிக்கடைக்கு மேலே உள்ள ஓர் அறையில் தனியாக இருக்கிறேன். வயதானவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடும் மாத்திரையும் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்துவிட்டு வருவது என் வேலை. இரண்டு வருடத்துக்கு முன், இல்ஃபோர்ட் பக்கம் ஒரு யூத அம்மாவின் வீட்டை எனக்குத் தந்தார்கள். தொண்ணூறு வயது, தனி ஆள், ஐந்து வயதில் ஜெர்மனியிலிருந்து வந்தவர் என்று ஆபீஸில் சொன்னபோது எனக்குச் சந்தோஷம், புளுகம் தாங்கவில்லை. நானும் ஜெர்மனியில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்தவள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நிலம் துடைத்துத் துடைத்தே பாஷை படித்தேன். லண்டனில் அந்தப் பாஷை எனக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. சரி, இப்போதாவது உதவட்டும் என்று நினைத்தேன்.

முதல் நாள் வேலை முடிந்து கதவடியில் நின்றேன். எங்கள் ஆட்கள் ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது "போறன்" என்று சொல்ல மாட்டார்கள். அது வாயில் எடுக்கக் கூடாத சொல். கடைக்கு மிளகாய்த்தூள் வாங்கப் போனாலும் "போட்டு வாறன்", போய்விட்டு வருகிறேன் என்றுதான். இங்கிலீஷில் பாய் சொல்வது எனக்கு எப்போதும் ஒரு குறையாகவே இருக்கும். திரும்பி வருவதைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. இந்த விஷயத்தில் ஜெர்மன்காரர்கள் எங்களைப் போலத்தான். மறுபடியும் காணும்வரை என்றுதான் விடைபெறுவார்கள். நானும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு "அவுஃப் வீடர்சேயன்" என்றேன்.

அந்த அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. கையிலிருந்த தேத்தண்ணீர்க் கோப்பையை மேசையில் வைத்தார்.

"இந்த வீட்டுக்குள்ளை அதைச் சொல்லாதை" என்றார்.

நாங்கள் பேசியது இங்கிலீஷில்தான். ஆனால் எனக்கு எல்லாம் என் தமிழில்தான் மனதில் நிற்கிறது, அப்படியே எழுதுகிறேன். நான் ஸொறி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ் முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டு போனேன். யூதர்களுக்கு அந்த நாட்டில் என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும், இந்த விசரிக்கு மட்டும் அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று.

அடுத்த நாளிலிருந்து தமிழில் சொன்னேன். விளங்காத பாஷையில் என்ன சொன்னால் என்ன. கதவைச் சாத்தும்போது "போட்டு வாறன்". அவர் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் அதைச் சொல்ல ஒரு வீடு கிடைத்தது. என் அறையில் யாருக்குச் சொல்வது?

என் கணவர் என்னிடம் கடைசியாகச் சொன்னதும் அதுதான். இலங்கையில், வன்னியில் யுத்தம் முடிகிற நாட்களில் சனத்தோடு சனமாக நாங்களும் வெளியே வந்தோம். ஆமிக்காரர் ஆண்களைப் பிரித்து வேறொரு வரிசையில் விட்டார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொல்லி பஸ்ஸில் ஏற்றினார்கள். அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து என்னிடம் தந்தார். "வெயில் கடுமையா இருக்கு, தலையை மூடும். நான் போட்டு வாறன்" என்றார். நான் "கெதியா வாங்கோ, பிந்தாதேங்கோ" என்றேன். பஸ் போனது. பதினைந்து வருடத்துக்கு மேலாயிற்று. இருக்கிறார் என்றும் ஒருவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் ஒருவரும் சொல்லவில்லை. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை.

அவருடைய பெயரை எத்தனை படிவங்களில் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் புருசனின் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் அவர்களுடைய ஆயுள் குறையும் என்பார்கள். அவரைத் தேடி விசாரிக்கப் போகிற இடங்களில் பெயர் என்ன என்று கேட்டால் கடுதாசியை நீட்டுவேன். அதிகாரிகள் என்னை எழுத்து வாசிக்கத் தெரியாதவள் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அவருடைய ஆயுளில் ஒரு நாளையும் என் வாயால் குறைக்க எனக்கு மனமில்லை.

எனக்கு ஓர் அண்ணை இருக்கிறார். என்னை ஜெர்மனிக்குக் கூப்பிட்டவரும், பிறகு தன் குடும்பத்தோடு லண்டனுக்குக் கூட்டி வந்தவரும் அவர்தான். ஈஸ்ட் ஹாமில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஒவ்வொரு வருடமும் ஆடி அமாவாசை கிட்ட வர, தவறாமல் போன் எடுப்பார்.

"பிள்ளை, ஐயரிட்டைக் கேட்டனான். செத்த திகதி தெரியாட்டிலும் அமாவாசையிலை திவசம் செய்யலாமாம். எத்தினை வருசமாச்சு, சொல்லு பாப்பம்."

"உயிரோடை இருக்கிற மனிசனுக்கு நீங்கள் திவசம் செய்வியளோ அண்ணை?"

அதோடு போனை வைத்துவிடுவேன். போட்டு வாறன் என்று சொன்ன மனிசனுக்குத் திவசம் செய்தால், அவர் வரும்போது கதவைப் பூட்டி வைத்தது போலாகிவிடும். அப்படித்தான் நினைத்தேன்.

இப்படி இருப்பதில் இன்னொரு கஷ்டமும் உண்டு. அண்ணையின் மகளுடைய கல்யாணத்தில் ஆலாத்தி எடுக்க இரண்டு பெண்கள் வேண்டும் என்று அண்ணி என்னையும் கூப்பிட்டார். தட்டைக் கையில் எடுத்துவிட்டேன். பின்னால் ஒரு பெண், "அவவின்ரை மனிசன் இருக்கிறாரோ இல்லையோ எண்டு தெரியாதெல்லோ" என்று இன்னொருவரிடம் மெல்லக் கேட்டது எனக்குக் கேட்டது. அண்ணிக்கும் கேட்டது. அண்ணி தடுமாறிக்கொண்டு நிற்க, யாரோ வந்து தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். நான் சாப்பிடாமல், கட்டியிருந்த பட்டுச் சேலையோடு, ரயில் ஏறி அறைக்கு வந்தேன். அதன் பிறகு நல்லது கெட்டது எதற்கும் போவதில்லை. ஒவ்வொரு வருடமும், யுத்தம் முடிந்த மே மாதத்தில் எங்கள் சனம் கூடிக் கஞ்சி காய்ச்சி, இறந்தவர்களுக்கு விளக்கு ஏற்றுகிற இடத்துக்கு மட்டும் போவேன். ஒரு கரையில் நிற்பேன். விளக்கு ஏற்ற மாட்டேன். பஸ் ஏறித் திரும்பிவிடுவேன்.

அந்த வருடக் குளிர்காலத்தில் ஒரு காலை, இல்ஃபோர்ட் வீட்டுக்குப் போனபோது சமையலறையில் வெளிச்சம் தெரிந்தது. பாத்திரம் கழுவுகிற ஸிங்குக்குள் ஒரு சின்னக் கிளாஸில் மெழுகு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் விளிம்பில் ஒரு பெண்ணின் படம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அந்த அம்மா மேசையடியில் சும்மா இருந்தார்.

"இண்டைக்கு எனக்குச் சாப்பாடு வேண்டாம்" என்றார்.

விளக்கு, படம், சாப்பாடு இல்லை. இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. திவசம், விரதம். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், இந்த வீட்டில் முதல் தடவையாக எனக்குத் தெரிந்த ஒன்று நடக்கிறதே என்று. ஓடிப்போய்ப் பாலைக் காய்ச்சினேன். ஒரு வாழைப்பழத்தை உரித்து வட்டம் வட்டமாக வெட்டினேன். இரண்டையும் அவர் முன்னால் வைத்து, "விரதத்துக்குப் பால் பழம் குற்றமில்லை" என்றேன்.

அவர் பாலைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுக்குப் பேர் காலைச் சாப்பாடு. எங்கடை விரதத்திலை தண்ணியும் இல்லை" என்றார். "மாத்திரைக்கு மட்டும் ஒரு மிடறு குடிப்பன். நீ இருந்து அந்தப் பழத்தைச் சாப்பிடு, வீணாக்காதை."

இருந்தேன். வாயும் சும்மா இருக்கவில்லை.

"அம்மாவோ? இண்டைக்கோ அவ செத்தவ?"

"தெரியாது."

"தெரியாட்டிப் பிறகு ஏன் இண்டைக்கு?"

குளிர்சாதனப் பெட்டியில் அவருடைய கலண்டர் ஒன்று தொங்கியது. ஒவ்வொரு கட்டத்திலும் இங்கிலீஷ் திகதியும் அவர்களுடைய திகதியும் இருக்கும். அதைக் காட்டிச் சொன்னார். "பாபிலோன் ராசா வந்து ஜெருசலேமைச் சுத்தி வளைச்ச நாள் இது. ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முன்னம். உள்ளை ஒருத்தரும் போகேலாது, வெளியிலை ஒருத்தரும் வரேலாது."

"சாப்பாடு, மருந்து ஒண்டும் போகாது" என்றேன். "தண்ணிக்கும் அலையவேணும்."

"ஓம். உனக்குத் தெரியும் போலை."

பிறகு விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். அந்த ராசா கோயிலை எரித்த நாள் வெயில் காலத்தில் வரும். அதற்கு வேறு விரதம். திரும்பக் கட்டிய கோயிலை ரோமர் எரித்ததும் அதே நாளில்தானாம். ஸ்பெயினிலிருந்து யூதர்களைத் துரத்திக் கலைத்ததையும் அந்த நாளோடு சேர்த்துத்தான் சொல்வார்களாம். "இந்த நாட்டிலை இருந்தும் ஒருக்காக் கலைச்சவை. இவையள் அதை மறந்திட்டினம்" என்று ஜன்னல் பக்கம் தலையை ஆட்டினார். அந்தத் தெருவில் ஒரு காலம் வீட்டுக்கு வீடு யூதர்களாம். இப்போது அவர் மட்டும்தான்.

"உங்களுக்கு எல்லாத்துக்கும் நாள் இருக்கு" என்றேன், கொஞ்சம் எரிச்சலோடுதான்.

"அம்மாவுக்கு இல்லை" என்றார்.

பிள்ளைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்துக்கு வந்த ரயிலில் அவரை ஏற்றிவிட்டது அவருடைய அம்மா. யுத்தம் முடிந்த பிறகு ஒரு கடிதம் வந்தது. கிழக்கே போன ஒரு ரயிலில் அம்மா ஏற்றப்பட்டார், அதற்கு மேல் தகவல் இல்லை. அவ்வளவுதான் கடிதம். அப்படித் திகதி இல்லாமல் போனவர்கள் கணக்கில்லை. அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து, நகரத்தைச் சுற்றி வளைத்த இந்த நாளைக் குருமார் ஒதுக்கிக் கொடுத்தார்களாம்.

"ஸ்டேஷனிலை அம்மா கடைசியாச் சொன்னது, நீ முதல் நாள் கதவடியிலை நிண்டு சொன்னதைத்தான்."

கையிலிருந்த பழத்தைத் தட்டில் திரும்ப வைத்தேன்.

"அது சரி, நீ ஒவ்வொரு நாளும் போகேக்கை என்னவோ சொல்றாய். அது என்ன?"

சொன்னேன். போய்விட்டு வருகிறேன் என்று அர்த்தம் என்றேன்.

"உன்னட்டை அப்பிடிச் சொல்லிப்போட்டுப் போனது ஆர்?"

இந்த மனிசிக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. துவாயிலிருந்து பஸ் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். லண்டனில் ஒருவரிடமும் அதை முழுதாகச் சொன்னதில்லை. அழவில்லை. அவரும் ஐயோ பாவம் என்று ஒன்றும் சொல்லவில்லை.

"எனக்கு ஒரு மகள் இருந்தவள்" என்று தொடங்கினார். "எங்கடை ஆக்கள் உயிரோடை இருக்கிற ஆளின்ரை பேரைப் பிள்ளைக்கு வைக்கிறேல்லை. செத்தவையின்ரை பேரைத்தான் வைப்பம். மகள் பிறக்க, உன்ரை அம்மான்ரை பேரை வைப்பமோ எண்டு மனிசன் கேட்டவர். மாட்டன் எண்டிட்டன். வைச்சால் அம்மா செத்திட்டா எண்டு நானே சொன்ன மாதிரி. அடுத்த பிள்ளைக்குப் பாப்பம் எண்டன். அடுத்த பிள்ளை வரேல்லை. மகளும் எனக்கு முன்னமே செத்துப்போனாள். இப்ப அந்தப் பேரைச் சொல்ல இந்த உலகத்திலை நான் ஒருத்திதான் இருக்கிறன்."

மெழுகைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "நான் அம்மாவுக்காகக் காத்திருக்கிறன் எண்டுதான் நினைச்சன். அவவை அந்த ஸ்டேஷனிலேயே நிக்கவிட்டிட்டன்."

எனக்குச் சரியான கோபம் வந்தது. என் கதைக்கு இவரிடம் யார் தீர்ப்புக் கேட்டது? கொப்பியை எடுத்து, காலைச் சாப்பாடு வேண்டாம் என்றார், மாத்திரை எடுத்தார் என்று எழுதினேன். கோட்டைப் போட்டேன். ஒன்றும் சொல்லாமல் கதவைத் திறந்தேன்.

"இண்டைக்கு நீ சொல்லேல்லை" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

திரும்பிப் போய், "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த வருட ஆடி அமாவாசைக்கும் அண்ணை போன் எடுத்தார், நானும் வழக்கம்போலப் பேசிவிட்டு வைத்தேன். ஆனால் முன்னைப்போல அதோடு விட்டுவிட முடியவில்லை. இலையுதிர் காலத்தில் எனக்குக் கடும் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் அறையை விட்டு வெளியே போகவில்லை. கீழே கோழி பொரிக்கிற மணமும் ஆட்களின் சத்தமும் வந்துகொண்டே இருந்தன. ஒருவரும் கதவைத் தட்டவில்லை. தட்ட யார் இருக்கிறார்கள்? மூன்றாம் நாள், கட்டிலுக்குக் கீழே கிடந்த சூட்கேஸைப் பார்த்தேன். அதற்குள்தான் அந்தத் துவாய் இருக்கிறது. நான் இங்கே கிடந்து செத்தால், அறையைத் துப்புரவாக்க வருகிறவன் அதைப் பழந்துணி என்று குப்பைப் பைக்குள் போடுவான். அவனில் பிழையில்லை. அவனுக்கு அது துணிதான். என் மனிசனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல இந்த ஊரில் என்னை விட்டால் ஆளில்லை. நானும் பெயரை வாயில் எடுக்காமல் பொத்தி வைத்திருக்கிறேன். பயந்துபோனேன். காய்ச்சலை விட அந்தப் பயம்தான் என்னை உலுக்கியது.

தைப்பொங்கல் கிட்ட வருகிற நேரம், அந்த அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். எனக்கு லீவு நாளாகப் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் ஒரு சின்னப் பொட்டலம் மாதிரிக் கிடந்தார். வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"நாளைக்குப் பின்னேரம் அம்மான்ரை நாள் தொடங்குது, எங்களுக்கு நாள் பொழுதுபடத்தான் பிறக்கும். இருட்ட முதல் நீ போய் விளக்கு வை. ஸிங்குக்குள்ளை வை. வீடு எரிஞ்சால் நான் பிறகு எங்கை போறது?"

"சரி, வைக்கிறன்."

"அம்மான்ரை பேரைச் சொல்லி வைக்கவேணும்." பெயரைச் சொன்னார். என்னை மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தார். "மேசை லாச்சிக்குள்ளை பார். இரண்டு கிடக்கு."

"இரண்டு ஏன்?"

"கடையிலை இரண்டாத்தான் விக்கிறாங்கள்" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

பொய். அவருக்குச் சாமான் வாங்குவது நான்தான். அந்தக் கடையில் அது ஒன்று ஒன்றாகத்தான் இருக்கும்.

அடுத்த நாள் மூன்றரை மணிக்கு அந்த வீட்டைத் திறந்தேன். ஹீட்டர் இல்லாமல் வீடு விறைத்துக் கிடந்தது. மேசை லாச்சியில் இரண்டு கிளாஸ் மெழுகு. ஒன்றை ஸிங்குக்குள் வைத்து ஏற்றினேன். ஜன்னலில் படத்தைச் சாய்த்து வைத்து, சொல்லித் தந்த பெயரைச் சத்தமாகச் சொன்னேன். இனி அந்தப் பெயர் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர்.

மற்றதை மேசையில் வைத்துவிட்டு இருந்தேன். என் கைப்பைக்குள் அந்தத் துவாய் இருந்தது. காலையில் சூட்கேஸிலிருந்து அதை எடுத்தபோதே எதற்கு என்று எனக்குத் தெரியும், என்னை நானே ஏமாற்றி என்ன காணப் போகிறேன். அண்ணைக்குப் போன் எடுத்தேன். கடையில் ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்டது.

"அண்ணை, வாற ஆடி அமாவாசைக்கு ஐயரிட்டைச் சொல்லி வையுங்கோ."

கடைச் சத்தம் குறைந்தது. அண்ணை பின்னால் களஞ்சிய அறைக்குள் போயிருக்க வேண்டும்.

"ஆனால் ஒண்டு" என்றேன். "என்ரை பொட்டைப் பற்றி ஆரும் வாய் திறக்கக் கூடாது. அது நான் தொட்டிலிலை கிடக்கேக்கை அம்மா வைச்சது. அவர் தந்ததில்லை."

"ஆர் பிள்ளை உன்னட்டை அதைக் கேட்டது? வைச்சிரு" என்றார். அழுதார். அண்ணை அழுது நான் கேட்டதில்லை. "இப்ப எங்கை நிக்கிறாய்? தனியவோ? நான் வரட்டோ?"

"வேண்டாம். நான் ஒரு வேலையா நிக்கிறன். முடிச்சுப்போட்டு எடுக்கிறன்."

வெளியே இருட்டத் தொடங்கியது. இரண்டாவது மெழுகை முதலாவதற்குப் பக்கத்தில் வைத்தேன். அவருடைய படம் என்னிடம் இல்லை, துவாயை மடித்து ஜன்னல் விளிம்பில் வைத்தேன். நெருப்புக்குச்சியைத் தட்டிப் பிடித்தேன். "இஞ்சாருங்கோ" என்றுதான் வாய் வந்தது, வீட்டில் கூப்பிடுகிற மாதிரி. அது பெயரில்லை. ஒரு குச்சி விரல்வரை எரிந்து முடிந்தது. இன்னொன்றைத் தட்டி மெழுகை ஏற்றிவிட்டு, அவருடைய பெயரைச் சொன்னேன். முதல் தடவை சத்தம் வெளியே வரவில்லை. இரண்டாவது தடவை அந்த வெறும் வீட்டில் நன்றாகக் கேட்டது. தகப்பன் பெயரும் சேர்த்து, முழுப் பெயர்.

அன்றைக்கு அந்த பஸ்ஸடியில் அவரை நான் கெதியா வாங்கோ என்று சொல்லித்தான் அனுப்பினேன். அந்தச் சொல்லிலேயே இத்தனை வருடம் அவரை நிற்கவிட்டிருந்தேன்.

"போங்கோ" என்றேன்.

பிறகு வீட்டைப் பூட்டினேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது. துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.